ஆனைக்கரைக்கு ஒரு கலர் குடிக்கப் போனேன்

ஒரே ஒரு கலர் குடிப்பதற்காக நான்கு நாள் வாயைக் கட்டிக்கொண்டு கேரளத்துக்குள் திரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிலும் இருபது வருஷமாகக் கலருக்கு எசென்ஸ் விற்றுப் பிழைக்கிறவன்.

கலர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோலி சோடா பாட்டிலில் சீனிப்பாகை ஊற்றி, ஆரஞ்சோ சிவப்போ பச்சையோ நிறமேற்றி, கேஸ் அடித்து விற்பது. அந்த நிறமும் வாசமும் என் தோல்பையிலிருந்து போகின்றன. பொள்ளாச்சியில் குடியிருந்துகொண்டு, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ச் சோடாக்காரர்களிடம் ஆர்டர் எடுப்பது என் வேலை. வெளிநாட்டுக் கறுப்புக் கலர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த இடத்தை நாமே பிடித்துவிடலாம் என்று எங்கள் முதலாளியும் ஒரு கறுப்பு எசென்ஸ் காய்ச்சினார். அதை ஒரு வாய் குடித்தால் இருமல் மருந்து ஞாபகம் வரும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொன்னார். "இனிமே உங்க சரக்க நீங்க தொடக் கூடாதுங்க" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொல்வதற்கு ஆள் இல்லை என்பது ஒன்று. எசென்ஸ்காரனுக்கே சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்தால் எவன் ஆர்டர் கொடுப்பான் என்பது இன்னொன்று. தினமும் காலையில் சோதனைக் குழாயில் நீல மருந்தை எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். நிறம் விற்றவனை நிறத்தை வைத்தே அளந்தார்கள். எனக்கு அப்போதெல்லாம் ஆரஞ்சு.

அந்தச் சமயத்தில் ஆனைக்கரையிலிருந்து என் மகள் சாந்தாமணியின் கார்டு வந்தது. நான்கே வரி. "பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. பார்க்க வருவதானால் வரலாம். வந்தால் எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும். அதற்கு மனம் இல்லாவிட்டால் வர வேண்டாம்." அப்பா என்று தொடங்கவில்லை. இப்படிக்கு என்றும் இல்லை.

சாந்தா என் ஒரே பிள்ளை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது என் மனைவி லட்சுமி இறந்துவிட்டாள். நான் வாரக்கணக்கில் ஊர் சுற்றுவேன். அவள் என் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் தனியாகப் படித்துக்கொண்டிருப்பாள். நான் திரும்பி வந்ததும் என் சட்டையை மோந்து பார்த்து, எந்த எசென்ஸ் சிந்தியிருக்கிறது என்று சொல்வாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. படித்து முடித்து ஆனைக்கரைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனவள், அங்கே ஸ்டோரில் வேலை செய்யும் தங்கராசுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தப் பையனின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்து குடியேறிய குடும்பம். எந்தச் சாதி என்று இங்கே எழுத மாட்டேன். எங்கள் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத சாதி என்றால் போதும்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மூன்று கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. "அவ ஊட்ல கை நனைச்சீங்கன்னா, அப்பறம் இந்த ஊட்டுப் படி ஏற வேண்டாமுங்கண்ணா" என்று தம்பி அன்றைக்கே சொல்லிவிட்டான். எனக்கு இரண்டு வேளைச் சோறு தம்பி வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒண்டிக்கட்டைக்கு வேறு எந்த வீடு இருக்கிறது?

ஆனாலும் பேத்தியைப் பார்க்க வேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னைப் போன்றவன் அவர்கள் வீட்டுக்குப் போனால் கடையிலிருந்து கலர் வாங்கி வைப்பார்கள். அதைக் குடித்துவிட்டால் கை நனைத்த மாதிரியும் ஆயிற்று, நனைக்காத மாதிரியும் ஆயிற்று. மகளுக்கும் நியாயம், தம்பிக்கும் நியாயம். குறுக்கே நின்றது சர்க்கரை ஒன்றுதான். நான்கு நாள் வாயைக் கட்டிக் குழாயில் பச்சை கொண்டுவந்துவிட்டால், ஒரு கலர் தாங்கும். இது டாக்டர் போட்ட கணக்கல்ல, நானே போட்டது. ஆனைக்கரைக்கு என்று மட்டும் கிளம்பினால் தம்பி கேட்பான் என்பதால் ஆர்டர் சுற்று என்று சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவது திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வதுதான். நம் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடை. போகும்போது எல்லோரும் பெரிய மனிதர்களாக வாயை மூடிக்கொண்டு வருகிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் மாமன் மச்சான் உறவெல்லாம் கண்ணீரோடு பொங்கும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எனக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தார். நான் கள் குடிப்பதில்லை என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொழிஞ்சாம்பாறை பேருக்குத்தான் கேரளம். சந்தையில் கேட்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. போர்டை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். சோடாக்காரர் பொன்னுசாமி பதினைந்து வருஷப் பழக்கம். என்னைக் கண்டதும் புது ஆரஞ்சுக் கலர் ஒன்றைத் திறந்து நீட்டினார். நான் ஒரு வாய் வைத்து, நாக்கில் புரட்டி, பின்பக்கம் போய்த் துப்பினேன். ருசி பார்க்கிறவன் விழுங்கக் கூடாது என்று ஒரு கதை விட்டேன். பதினைந்து வருஷமாக விழுங்கினவன்தானே என்பது அவர் பார்த்த பார்வையில் இருந்தது.

அவர் வாசலில் இரண்டு பெட்டிக் கலர் தனியாகக் கட்டி வைத்திருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"வாய்க்காலுக்கு அக்கட்டால காலனியில நாளைக்கு ஒரு கண்ணாலமுங்க. தோட்டத்துக்காரங்க நாலு பேரு மொய் வெக்க வருவாங்கல்லங்க. அங்க போயித் தண்ணி வாங்கிக் குடிப்பாங்களா? அதுக்கோசரம் இந்த ரண்டு பெட்டி. பாட்டலு கடையில அடைச்சது, கோலிய அவங்களே அமுக்கிக்குவாங்க. தீட்டு இல்லீங்களே."

"அவுங்க சொந்தக்காரங்களுக்கு?" என்றேன்.

"அவங்களுக்கு எதுக்குங்க கலரு? பானைத் தண்ணிதான்." பொன்னுசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாதி வாழ்ற வரைக்கும் நம்ம யாவாரம் வாழுமுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன். ஆர்டர் எடுக்க வந்தவன் அப்படித்தான் சிரிக்க வேண்டும்.

அன்று சித்தூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் குழாயைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. திறந்தால் மேனேஜர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தார். மலையாளத்தில் அவர் கேட்டதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "தமிழ்நாட்டில் விடாததை இங்கே வந்து காய்ச்சுகிறீரா? வெளியே எடும் அந்தச் சாராயத்தை." நான் குழாயைக் காட்டி, இது என்ன என்று சைகையில் சொல்ல வேண்டியதாயிற்று. புரிந்த மாத்திரத்தில் அவர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு மெதுவாக, "என்ன நிறம் வந்தது?" என்று கேட்டார். மஞ்சள் என்றேன். "என் அண்ணனுக்குச் செங்கல்" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். என் வியாதியைப் பற்றி நான் முதன்முதலாகப் பேசிய மனிதர் அவர்தான்.

நல்லேப்பிள்ளிக்கு நடந்தும் மாட்டு வண்டியிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். வண்டிக்காரர் நெல் மூட்டையின் மேல் என்னை உட்காரவைத்தார். பாதி வழியில் மூட்டை சரிந்து, நானும் என் பையும் வரப்பு ஓரத்தில் போய் நின்றோம். நல்ல வேளை, பாட்டில் எதுவும் உடையவில்லை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கே சாயாக்கடையில் சீனி இல்லாமல் ஒரு சாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு வித்தவுட்!" என்று கத்தினார். சீனி போடாத சாயாவுக்கு இங்கே ஒரு பேரே வைத்திருக்கிறார்கள் என்றால், என்னைப் போல எத்தனை பேர் இருக்க வேண்டும்! கொஞ்சம் தைரியம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி அடுக்கியிருந்தது. நேந்திரம்பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுத்தது. வாசம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. இரண்டு அவித்த முட்டையைத் தின்றுவிட்டு எழுந்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் வயல்காரர்கள் இரண்டு பேர் மலையாளத்தில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். "முன்பெல்லாம் அறுவடைக்கு வந்தால் கஞ்சியும் துவையலும் கொடுத்தால் போதும். இப்போது பத்து மணிக்குப் பரோட்டா வரவில்லை என்றால் அரிவாளைக் கீழே வைத்துவிடுகிறார்கள்" என்றார் ஒருவர். "நீ மட்டும் என்னவாம், கஞ்சியா குடிக்கிறாய்?" என்றார் மற்றவர். முதலில் பேசியவர் முன்னால் பரோட்டா இருந்தது. நானும் கம்பங்கூழில் வளர்ந்தவன்தான். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் மோரோ பானகமோதான் கொடுப்பார்கள். விருந்தாளிக்குக் கலர் வாங்குவதுதான் மரியாதை என்று ஊர் ஊராகப் போய்ப் பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். யாரைச் சொல்லி அழுவது?

மூன்றாம் நாள் முழுவதும் பஸ். கம்பம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் நாச்சிமுத்து. பொள்ளாச்சிக்காரர். ஏலக்காய் வாங்கி விற்கிறவர். எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டில் பெண் எடுத்தவர். வெளியூரில் நம் ஆளைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. அவர் காதில் விழுவது தம்பி காதில் விழுந்த மாதிரி.

"ஏனுங்க, எசென்ஸ்காரரு மலைக்கு மேல எங்க கெளம்பீட்டீங்க?"

"யாவாரந்தானுங்க. புது ஆர்டரு."

"இந்தக் குளிருக்கு எவனுங்க கலரு குடிப்பான்?" என்று சிரித்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவர் போலக் குனிந்து, "உங்க பொண்ணு இந்தப் பக்கந்தான் எங்கியோ..." என்று இழுத்தார்.

"தெரியலீங்க" என்றேன்.

பெற்ற மகள் இருக்கிற ஊர் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். சட்டைப் பையில் அவள் கார்டு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

பாதி மலையில் பஸ் புகைவிட்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் போட்ட பிரேக்கில் மேலே வைத்திருந்த என் பை கீழே விழுந்தது. அன்னாசி எசென்ஸ் பாட்டில் உடைந்து என் சட்டை, வேட்டி, நாச்சிமுத்துவின் துண்டு எல்லாம் நனைந்தது. பஸ் முழுக்க அன்னாசி. குழந்தைகள் பழம் எங்கே என்று கேட்டு அழ ஆரம்பித்தன. டிரைவர் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும்வரை எல்லோரும் ரோட்டோரத்தில் நின்று என்னை மோந்துகொண்டிருந்தார்கள். குமுளியில் இறங்கியதும் நாச்சிமுத்து எனக்கு ஒரு கலர் வாங்கித் தர வந்தார். விரதம் என்று சொன்னேன். அன்றைக்கு அது எத்தனையாவது பொய் என்று எனக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, குமுளியில் குளிரில் நடுங்கிக்கொண்டே குழாயைக் காய்ச்சினேன். பச்சை! நல்ல கிளிப்பச்சை. அந்த வெறும் அறையில் நானே வாய்விட்டுச் சிரித்தேன். காட்டுவதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொட்டினேன். சட்டையை இரண்டு தடவை அலசியும் அன்னாசி போகவில்லை.

ஆனைக்கரைக்கு ஜீப். எட்டுப் பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினேழு பேர். எனக்குப் பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு கேரள அரசாங்கத்தின் பொறுப்பில். மகள் கார்டின் ஓரத்தில் விலாசமாக எழுதியிருந்த கடைக்கு முன்னால் என்னை உதிர்த்துவிட்டுப் போனார்கள். கடையில் ஒரு பெஞ்சு, ஒரு சாயா அடுப்பு, தட்டில் பன், பீடிக்கட்டு. மேல் பலகையில் ஆறு கலர் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. இங்கேயும் கலர் ஓடுமா என்று தொழில் புத்தியில் கேட்டுவிட்டேன்.

"எங்கய்யா ஓடுது? இந்தக் குளிருக்குக் கட்டஞ்சாயாதான்" என்றார் கடைக்காரர். "லயத்துக்கு வெளியாளுக யாரும் வந்தா, அவுகளுக்குன்னு வந்து வாங்கிட்டுப் போவாக. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

லயம் என்பது ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக இருக்கிற தொழிலாளர் வீடுகள். கடையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம். மூன்றாவது வாசலில் சாந்தா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. நான் பார்க்காத இரண்டரை வருஷத்தில் இளைத்திருந்தாள். நான் வாசலுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

"அன்னாசி" என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாங்க" என்று விலகி வழிவிட்டாள்.

உள்ளே ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. மருமகன் ஸ்டோருக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா பேச்சியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, "வாங்கய்யா, இரிங்க" என்று வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைப் போட்டார். சம்பந்தி என்னை ஐயா என்று கூப்பிட்டது எனக்கு அப்போது உறுத்தவில்லை. அதுதான் வழக்கம் என்று உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்வாசல் வழியாக எங்கேயோ வேகமாகப் போனார். குழந்தை என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பேர் என்ன என்று கேட்டேன்.

"அம்மா பேருதானுங்க" என்றாள் சாந்தா. லட்சுமி.

அந்தப் பேரைச் சொல்லிக் குழந்தையை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பேச்சியம்மாள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் ஆரஞ்சுக் கலர். தூசியை முந்தானையால் துடைத்திருந்தார். என் கையில் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"கடையிலதான் வாங்குனேன்யா. யாரும் தொறக்கல. நீங்களே தொறந்து குடிங்க."

நிறத்தைப் பார்த்ததும் தெரிந்தது, என் சரக்குத்தான். ஆரஞ்சில் ஒரு துளி சிவப்புக் கூடப் போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். நான்கு நாளாக இதற்குத்தான் காத்திருந்தேன். பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலைக் கோலியின்மேல் வைத்தேன்.

சாந்தா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தெ, கலர் வாங்கோணும்னு நானு ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாள்.

"இதெல்லாம் சொல்லியா தெரியணும் தாயி?" என்றார் பேச்சியம்மாள். கோபமில்லாமல், ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். "எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு ஐயாமாரு வந்தா இதத்தான வாங்கி வைப்போம். நம்ம தண்ணி அவுகளுக்கு ஆகுமா?"

கொழிஞ்சாம்பாறையில் கட்டி வைத்திருந்த இரண்டு பெட்டிகள் கண்முன் வந்தன. நான் சிரித்த சிரிப்பும் காதில் விழுந்தது. மொய் வைக்க வந்த தோட்டத்துக்காரன் மாதிரி என் மகள் வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. விரலை எடுத்துவிட்டுப் பாட்டிலை ஸ்டூலில் திரும்ப வைத்தேன்.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

பேச்சியம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "கலரும் வேண்டாமாய்யா? பழசுன்னு நெனக்கீகளா?"

"இல்லீங்க. எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டரு கலரத் தொடக் கூடாதுன்னுட்டாரு. உங்க பானைத் தண்ணி போதுமுங்க."

சொல்லும்போதே தெரிந்தது, நான் மறுபடியும் ஒரு சாக்கின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று. சாந்தா விடவில்லை.

"அப்ப, சர்க்கரை வரலீன்னா?"

நான்கு நாளில் எத்தனையோ பொய் சொன்ன வாய் இது. இன்னொன்று தயாராகத்தான் இருந்தது. ஆனால் என் சட்டையை மோந்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறவளிடம் எதைச் சொல்ல?

"வரலீன்னா இந்தக் கலரக் குடிச்சுப்போட்டு, கை நனைச்சாச்சுன்னு சொல்லீட்டு, அடுத்த ஜீப்புல போயிருப்பேன். இப்பவும் அதுக்குத்தான் வந்தேன். நாலு நாளா வாயக் கட்டுனதும் அதுக்குத்தான்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பேச்சியம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஸ்டூலில் வைக்க இடமில்லை, கலர் இருந்தது. என் கையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். மலை ஊற்றுத் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. விறகுப் புகை வாசம் லேசாக இருந்தது. செம்பை வாயில் கவிழ்த்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன்.

"அப்ப இந்தக் கலரு?" என்றார் பேச்சியம்மாள், இரண்டாவது செம்பையும் வாங்கிக்கொண்டு. "தொறக்காம திரும்பிப் போனா, வந்தவரு கலரக்கூடத் தொடலன்னு லயமெல்லாம் பேசுமே."

அடுப்படியிலிருந்து சாந்தாவின் குரல் வந்தது. "அவுங்களே கொண்டு போய்க் குடுக்கட்டுமுங்க அத்தெ. யாரு ஊட்ல இருந்து வர்றீங்கன்னு கேட்டா அவுங்களே சொல்லட்டும். அதுக்குள்ள நானு சோத்த எறக்கீர்றேன்."

குழந்தையைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைக்குக் கூப்பிடு தூரம்தான். பெஞ்சில் நாலைந்து எஸ்டேட் ஆட்கள். ஓரத்தில், கால்மேல் கால் போட்டு, கிளாஸோடு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏலக்காய் மூட்டை. அடுத்த ஜீப்புக்குக் காத்திருந்தார். என் கால் தானாக நின்றது.

"அட, வாங்க! ஆர்டரு கெடச்சுதுங்களா?" என்றார்.

கடைக்காரர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். கோலி அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியது. "எங்க கலருகூட ஆகலியாக்கும்?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

சர்க்கரை வியாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரருக்கு மனம் ஆறிவிடும். நாச்சிமுத்துவுக்கும் ஒன்றும் புரியாது. தம்பி வீட்டுச் சோறும் தப்பும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே விழுங்கினேன்.

"தண்ணி குடிச்சேனுங்க" என்றேன். "ரண்டு செம்பு. அதனால இது வேண்டியதில்லாமப் போச்சு."

"தண்ணியா? யாரு வீட்டுல?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"பேச்சியம்மா ஊட்ல. என்ற மகள அங்கதானுங்க குடுத்திருக்குது."

கடைக்காரர் பாட்டிலை வாங்கி, மேல் பலகையில் மற்ற ஐந்தோடு வரிசையாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நாச்சிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியலீன்னு சொன்னீங்க" என்றார்.

"பொய்யிங்க."

"உங்க தம்பிக்கு இது தெரியுமுங்களா?"

"ராத்திரிக்குள்ள நீங்க ஊரு சேந்துருவீங்கல்லங்க" என்றேன். "பொறவென்ன?"

நாச்சிமுத்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவர் துண்டில் இன்னும் அன்னாசி வாசம் இருந்தது. நகர்ந்த அந்த ஒரு முழ இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் இனிமேல் எல்லாப் பெஞ்சிலும் எனக்கு அவ்வளவு இடம் விடுவார்கள் என்று தோன்றியது. வயிறு காந்தியது. நான்கு நாள் பசி.

பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பாதையில் பத்தடி தள்ளிச் சாந்தா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அப்பா, சோறு ஆறுதுங்க. வாங்க."